நேர்ச்சைத் தோணி

ஜூன் 27

கச்சான் காற்று, மேற்கிலிருந்து. காலையிலிருந்தே வேகம். மாடியறை முழுக்க மண்.

முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவனுக்குக் காற்றை எழுதாமல் நாளைத் தொடங்க வராது. அதற்காகத்தான் இந்த நோட்டு. மற்றதெல்லாம் ஒட்டிக்கொண்டு வருவது.

ஒன்பது மணிக்குக் கஸ்பார் வந்தான். அலைகாத்த மாதா கோயிலின் கோயில்பிள்ளை. மணியடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பெருக்குவது எல்லாம் அவன்தான். பழைய போர்வையில் எதையோ சுற்றிக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான். ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் தூக்கி வருகிறானோ என்று நினைத்தேன். அவிழ்த்தால், கோயில் மச்சிலிருந்து சங்கிலியில் தொங்கும் நேர்ச்சைத் தோணி, எந்தக் காலத்திலோ வேண்டிக்கொண்டு வைத்தது.

"வெள்ளையடிக்க வந்த பயலுவ சங்கிலிய அவுத்துட்டானுவ அண்ணே. கீழ விழுந்துட்டு. ஆகஸ்டு பதினஞ்சு திருநாளு. சப்பரத்துக்கு முன்னால இது போவணும்லா?"

இரண்டரை அடி நீளம். முன்பக்கம் பலகை பிளந்திருக்கிறது. சுக்கான் தனியே வந்துவிட்டது. பாய்மரம் ஒரு சாண் உயரத்தில் முறிந்து மொட்டையாக நிற்கிறது.

"பாய்மரமும் விழுந்ததுல போச்சாடே?"

"இல்லண்ணே. அது நான் சின்னப் பயலா இருக்கும்போதே அப்படித்தான் கெடக்கு."

நல்ல ஊர், நல்ல கோயில். ஐம்பது வருஷமாக மொட்டை மரத்தோடு ஒரு தோணியைப் பவனியில் தூக்கியிருக்கிறார்கள். ஒருவனுக்கும் வெட்கம் இல்லை. ரிட்டயர் ஆன இந்த ஆறு வருஷத்தில் இருபத்து மூன்று மாதிரிப் படகு செய்திருக்கிறேன். இழுவைக் கப்பல், பார்ஜ், மணல் தோண்டும் கப்பல். கப்பி என்றால் சுழல வேண்டும், சுக்கான் என்றால் திரும்ப வேண்டும். "வச்சுட்டுப் போ, ஆகஸ்டு பத்துக்குள்ள புதுத் தோணியா தாரேன்" என்றேன்.

மகள் டெல்சி நேற்று கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். பத்து நாள் லீவு. பள்ளிக்கூடம் திறந்த மூன்றாவது வாரமே கணக்கு டீச்சருக்குப் பத்து நாள் லீவு கொடுத்திருக்கிறார்கள். நல்ல நிர்வாகம். மூன்று பெரிய பெட்டி கொண்டு வந்திருக்கிறாள். மாப்பிள்ளை ஜெரால்டுக்கு வேலை அதிகமாம், வரவில்லை.

ஜூன் 29

கச்சான்.

தோணியை மேஜைமேல் ஏற்றி, விளக்கு வைத்துப் பார்த்தேன். செய்தவன் தச்சன் இல்லை. ஆனால் கடலில் போனவன். பலகைகளைக் கயிறு போட்டுத் தைத்த மாதிரி கோடு கீறியிருக்கிறான். பின்பக்கம் அடுப்பு வைக்கும் பெட்டிகூட இருக்கிறது. இவ்வளவு பார்த்துச் செய்தவனின் தோணியில் ஒரு கூத்து. பாய்மரத்தின் முறிந்த முகத்திலும் வார்னிஷ் ஓடியிருக்கிறது. எவனோ ஒரு சோம்பேறி, உடைந்த மரத்தை மாற்றாமல் அதன் மேலேயே தடவிவிட்டுப் போயிருக்கிறான். அந்த மொட்டையில் அரைப் பாய் ஒன்றைக் கோணலாக வேறு கட்டியிருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும்.

டெல்சியின் வலது மணிக்கட்டில் துணிப்பட்டை கட்டியிருக்கிறது. மாடிப்படியில் கால் தவறி விழுந்தாளாம். டீ டம்ளரை இடது கையால்தான் எடுக்கிறாள்.

அவள் அறை ஜன்னல் கச்சானில் தடதடவென்று ஆடுகிறது. கொக்கி போய்விட்டது. சரி செய்ய வேண்டும்.

ஜூலை 2

பழைய பெயிண்டைச் சுரண்டினேன். ஏழு பூச்சு. ஜன்னலை நாளை பார்க்க வேண்டும்.

ஜூலை 5

காற்று கொஞ்சம் தணிவு.

மாப்பிள்ளை போன் செய்தார். என்னிடம்தான் பேசினார். மரியாதையான பையன். எப்போதும் "மாமா, சாப்பிட்டீங்களா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா" என்றுதான் ஆரம்பிப்பார். டெல்சி போனை எடுப்பதில்லையாம். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததிலருந்து அவ ஒரு மாதிரி இருக்கா மாமா. நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்றார்.

இவள் மாடிப்படி என்றாள், அவர் பாத்ரூம் என்கிறார். இருவரில் யாருக்கோ ஞாபகம் சரியில்லை.

பிளவில் மரத்தூளும் பசையும் குழைத்து அப்பிக் கட்டுப் போட்டேன். இரண்டு நாள் தொடக்கூடாது.

ஜூலை 9

கச்சான் மறுபடி.

பாய்மரத்தைப் பிடுங்கினேன். இலேசில் வரவில்லை. அடியில் ஆப்பு வைத்து இறுக்கியிருந்தான். அரை மணி நேரம் வெந்நீர்த் துணி சுற்றி வைத்து, ஆட்டி ஆட்டி எடுத்தேன். எடுத்த கையோடு குப்பைக் கூடையில் போட்டேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

டெல்சி மாடிக்கு வந்தாள். சும்மா நிற்காமல் உப்புத்தாளை எடுத்து, இடது கையால் தோணியின் வயிற்றைத் தேய்க்க ஆரம்பித்தாள். நன்றாகத் தேய்க்கிறாள். மரத்தின் ஓட்டத்தோடு தேய்க்க வேண்டும் என்று நான் சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

"டாடி, அந்த மரம் எதுக்கு எடுத்தீங்க?"

"ஒடைஞ்சு போச்சுல்லா."

"ஒடைஞ்சாலும் ஆடாம நின்னுச்சே."

கணக்கு டீச்சர். எதிர்க்கேள்வி கேட்டே பழக்கம்.

ஜூலை 10

டெல்சி அறை ஜன்னல் சத்தம் நின்றுவிட்டது. வீட்டுக்காரி ஜெசிந்தா ஏதோ செய்திருக்கிறாள். எனக்கு ஒரு வேலை மிச்சம்.

ஜூலை 13

பத்து நாள் லீவு பதினேழு நாள் ஆகிறது. சாப்பிடும்போது, "ரயில் டிக்கெட் போட வேண்டாமாம்மா?" என்று பொதுவாகத்தான் கேட்டேன். டெல்சி எழுந்து கை கழுவப் போய்விட்டாள். தட்டில் பாதி மீன் அப்படியே.

ஜெசிந்தா என்னைப் பார்த்த மாதிரித் துறைமுகத்தில் மேலதிகாரிகூடப் பார்த்ததில்லை.

"ஏங்க, பிள்ள வந்து இத்தன நாளாச்சு. என்னம்மா ஆச்சுன்னு ஒரு வார்த்த கேட்டியளா? அந்தத் தோணிகிட்ட கேக்குததுல கால்வாசி கேட்டா போதும்."

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். நாம தலையிடப்பிடாது."

"தலையிட வேண்டாம். தலையத் தூக்கிப் பாருங்க, போதும்."

பெண்கள் எல்லாவற்றையும் பெரிது பண்ணுவார்கள். எந்தக் குடும்பத்தில் சண்டை இல்லை? நான் கோபத்தில் ஒரு முறை சோற்றுப் பானையைத் தெருவில் போட்டவன். அதற்காக ஜெசிந்தா பெட்டியைத் தூக்கினாளா? ஒரு வாரம் பேசவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 20

கச்சான். பரவாயில்லை.

புதுப் பாய்மரம் தயார். பழைய கதவு நிலையிலிருந்து எடுத்த தேக்கு. இரண்டடி உயரம். நுனி போகப் போக மெலிய வேண்டும், எந்த இடத்தில் மெலிகிறது என்று கண்ணுக்குத் தெரியக்கூடாது. நான்கு நாள் ஆயிற்று. உருட்டிப் பார்த்தால் மேஜையில் ஒரு துள்ளல் இல்லாமல் ஓடுகிறது. என் கையால் செய்ததில் இதற்கு மேல் ஒன்று இல்லை என்றே சொல்வேன். தற்பெருமைதான், எழுதிவிட்டேன்.

ஜூலை 24

தபாலில் டெல்சி பெயருக்கு ஒரு கடிதம். இங்கே ஊரில் உள்ள ஒரு பள்ளிக்கூடம். கணக்கு ஆசிரியை வேலைக்கு, ஆகஸ்டு 18ஆம் தேதி நேர்காணலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கவர் சரியாக ஒட்டவில்லை, அதனால் பார்த்தேன். சரி, நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. மறுபடி ஒட்டிச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன்.

லீவில் வந்தவளுக்கு எதற்கு இங்கே வேலை? இப்படியே விட்டால் விரிசல் பெரிதாகிவிடும். பலகை பிளந்தால் உடனே பசை போட்டு இறுக்க வேண்டும், காய விட்டால் சேராது.

கடற்கரைக்கு நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் மாப்பிள்ளைக்கு போன் செய்தேன். திருநாளுக்கு வாருங்கள், எல்லோர் முன்னிலும் பேசி டெல்சியைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். "நீங்க சொன்னா சரி மாமா" என்றார்.

ஜூலை 25

ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை. சொல்ல நேரம் அமையவில்லை.

ஆகஸ்டு 3

காற்று குறைவு. புழுக்கம்.

கயிறு கட்டும் வேலை. நூலில் மெழுகு தடவி, ஊசி முனை அளவுக் கப்பிகளில் கோக்க வேண்டும். எனக்குக் கண் எரிகிறது. டெல்சி கோத்துத் தந்தாள். கைப்பட்டை அவிழ்த்தாயிற்று. மணிக்கட்டு ஒரு பக்கம் கொஞ்சம் மேடாகவே இருக்கிறது.

நான் கப்பிக்குப் பதில் என் கண்ணாடிக் கயிற்றையே சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டேன். தலையைத் தூக்கினால் தோணியும் கூட வருகிறது. டெல்சி சிரித்தாள். வந்து ஐந்து வாரத்தில் இன்றைக்குத்தான் அந்தச் சத்தம் கேட்டேன். கீழேயிருந்து ஜெசிந்தா, "என்னட்டி அங்க?" என்று ஓடிவந்தாள்.

சிரித்து முடித்து, நூலைப் பார்த்துக்கொண்டே டெல்சி, "டாடி, ஒண்ணு சொல்லணும்" என்றாள். அந்த நேரம் பார்த்துப் பாயின் மேல் கயிறு அறுந்துவிட்டது. "இரும்மா, இதப் பிடி" என்றேன். பிடித்தாள். பிறகு அவள் சொல்லவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

ஆகஸ்டு 9

முடிந்தது. பச்சையும் வெள்ளையும் பூசி, முழுப் பாய் விரித்து, உச்சியில் சிறு கொடி. கப்பிகள் சுழல்கின்றன. ஜன்னலோரம் வைத்தால் காற்றில் பாய் புடைக்கிறது. கஸ்பார் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். "இது நம்ம தோணிதானா அண்ணே?" என்றான்.

ஆகஸ்டு 11

ரொசாலி வந்தாள். மக்ரூன் கடை வைத்திருக்கிறாளே, அவள்தான். அந்தத் தோணியைச் செய்து கோயிலில் வைத்தது அவளுடைய பூட்டன், சந்தியாகு தண்டல். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவன். வருஷா வருஷம் திருநாளுக்கு முதல் மாலை அவர்கள் குடும்பம்தான் போடும். பூக்காரனிடம் அளவு கொடுக்க, வாழைநாரை ஒரு வளையமாகக் கட்டிக் கொண்டு வந்திருந்தாள்.

வளையத்தைப் பாய்மரத்தின் மேலே கொண்டுபோனாள். குறுக்குக் கழியில் இடித்தது. பக்கவாட்டில் நுழைத்துப் பார்த்தாள். கயிறு தடுத்தது. நாரைக் கையில் வைத்துக்கொண்டு தோணியைச் சுற்றி வந்தாள்.

"மாலைய எங்கண்ணே போடுறது? அந்த மொட்ட மரம் எங்க?"

"எடுத்துட்டேன்லா. இது தேக்கு. தொட்டுப் பாரு."

அவள் தொடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பாய்மரத்த மாத்திட்டியளா அண்ணே? அது ஒடைஞ்சது இல்ல. ஒடச்சு வச்சது."

பிறகு சொன்னாள். சந்தியாகு தண்டல் பதினோரு பேரோடு மாலத்தீவுக்குப் போய்த் திரும்பும்போது புயல். பாய்மரம் முறிந்துவிட்டது. மிஞ்சிய மொட்டையில் கிழிந்த பாயைக் கட்டிக்கொண்டு பத்தொன்பது நாள் கடலில் கிடந்தார்கள். ஊரில் அவர்களுக்குச் செத்த பூசை வைத்து முடித்துவிட்டார்கள். அதற்கு மறுநாள் தோணி கரைக்கு வந்தது. பதினோரு பேரும் உயிரோடு.

"எங்க பூட்டன் அவரு கையால இத செஞ்சாரு. முழு மரமா நட்டு, பெறவு கையால முறிச்சாரு. முறிஞ்ச எடம் உளுத்துடப் பிடாதுன்னு அதுக்கும் வார்னிஷ் அடிச்சாரு. எங்க அம்மா அந்த எடத்துல என் விரல வச்சுக் காட்டுவா. தோணி நல்லா இருந்துச்சுன்னா நேர்ச்சை வச்சாரு? ஒடைஞ்சும் வீடு வந்து சேந்துச்சே, அதுக்குத்தான் அண்ணே."

அவளுக்குக் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்குத் தெரியாதுல்லா" என்று வேறு சொன்னாள்.

வாசல்படியில் டெல்சி இரண்டு டம்ளர் டீயோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. டீயை வைத்துவிட்டுக் கீழே போனாள்.

ஆகஸ்டு 12

காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.

குப்பைக் கூடை ஒரு மாதத்துக்கு முன்பே காலி. மரத்தூள் சாக்கு, பரண், கொல்லை, எல்லாம் தேடினேன். கடைசியில் ஜெசிந்தாவிடம் கேட்டேன்.

"அந்தக் கட்டையா? பிள்ள ரூம்பு ஜன்னலு ஆடுதுன்னு உங்ககிட்ட எத்தன தடவ சொன்னேன். நீங்க போட்ட கட்டையத்தான் எடுத்துச் சொருகி வச்சிருக்கேன்."

டெல்சி வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் அவள் அறைக்குள் போனேன். அவள் கடைக்குப் போயிருந்தாள். பெட்டிகள் காலியாக அலமாரிமேல். துணியெல்லாம் உள்ளே அடுக்கியாகிவிட்டது. ஜன்னல் சட்டத்தில் அந்த மரம். உருவினேன். ஜன்னல் உடனே தடதடக்க ஆரம்பித்தது, காற்று அடித்து மேஜையிலிருந்த பைல் ஒன்று விழுந்தது. பொறுக்கினேன். எக்ஸ்ரே கவர்கள். ஒன்று இந்த ஜூன். இன்னொன்று போன வருஷம் அக்டோபர். அது விலா எலும்பு.

போன அக்டோபரில் அவர்கள் ஊருக்கு வரவில்லை. வேலை அதிகம் என்றார்கள். நான் நம்பினேன்.

கட்டிலில் உட்கார்ந்தேன். டெல்சி வந்து நிலையருகே நின்றாள். கையில் கொத்தமல்லிக் கட்டு. என் மடியில் கவரைப் பார்த்தாள்.

"டாடி, அது மாடிப்படி இல்ல."

"தெரியும்மா."

எனக்குத் தெரியும் என்பதுதான் உண்மை. ஜூலை 5ஆம் தேதி பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். என் கையெழுத்தில், என் மையில், மாடிப்படி, பாத்ரூம் இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன. எழுதிவிட்டுப் பசை குழைக்கப் போயிருக்கிறேன். மரத்தில் விரிசல் எங்கே என்று நகத்தால் தடவிக் கண்டுபிடிக்கிறவன், பிள்ளையின் கையைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். பார்த்தால் ஏதாவது செய்ய வேண்டி வரும் என்று பயந்திருக்கிறேன்.

மாப்பிள்ளையை வரச் சொல்லியிருப்பதையும் சொன்னேன். டெல்சி கொத்தமல்லிக் கட்டை மட்டும் கீழே வைத்தாள். அந்த முகத்தை மறக்க மாட்டேன். மூன்று பெட்டியோடு பிள்ளை எந்த வீட்டுக்கு ஓடி வந்தாளோ, அந்த வீட்டுக்காரன் அவளுக்குத் தெரியாமல் வாசலைத் திறந்து விட்டிருக்கிறான்.

"நீ எங்கயும் போவ வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. நம்பும்படி நான் இதுவரை என்ன செய்தேன்?

கோயம்புத்தூருக்கு போன் போட்டேன். வர வேண்டாம் என்றேன். "டிக்கெட் போட்டாச்சு மாமா, நேர்ல பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

ஆகஸ்டு 13

கச்சான், லேசாக.

புது மரத்தை அடியோடு அறுத்தேன். நான்கு நாள் செய்ததை அறுக்க நான்கு நிமிஷம். ஒட்டிய அடிக்கட்டையைத் துளைபோட்டு எடுத்து, பழைய மரத்தை அதன் குழியில் இறக்கி, ஆப்பு ஒன்று சீவி வைத்து இறுக்கினேன். வருஷக்கணக்காகக் கிடந்த இடம், தானாக உட்கார்ந்தது.

அரைப் பாயை நான் கழற்றி மடித்து வைத்திருந்தேன், நல்லவேளை. ஆனால் எப்படிக் கட்டியிருந்தது என்று குறித்து வைக்கவில்லை. கோணலை நேராக்குவதற்கு எதற்குக் குறிப்பு என்று இருந்துவிட்டேன். டெல்சி தன் போனைக் கொண்டுவந்தாள். முதல் நாளே நாலா பக்கமும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள்.

"எதுக்கும்மா எடுத்த?"

"எனக்குப் பிடிச்சிருந்துச்சு டாடி."

போட்டோவைப் பார்த்து அவள் கட்டினாள். நான் நூலைப் பிடித்துக்கொண்டேன். முதல் அடி எப்போது விழுந்தது என்பதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். கல்யாணமான ஏழாவது மாதம். மூன்று இடத்தில் நூல் அறுந்தது. நான் நூலைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டு 15

திருநாள். காற்று விழுந்து, கடல் அமைதி.

காலை எட்டரைக்கு மாப்பிள்ளை வந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, கையில் அல்வா டப்பா. நான் கேட்டை உள்பக்கம் கொக்கி போட்டுவிட்டு நின்றேன்.

"மாமா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. டெல்சிக்கு எங்க வச்சு கை முறிஞ்சுது?"

"அப்பவே சொன்னேனே மாமா. பாத்ரூம்ல."

"அவ மாடிப்படின்னா. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கலாம்."

சிரிப்பு அப்படியே நின்றது. "உங்க பொண்ணு என்ன சொன்னா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அந்தக் குரலை நான் இதற்கு முன் கேட்டதில்லை. டெல்சி கேட்டிருப்பாள். நான் கேட்டை விடவில்லை.

"எல்லாம் சொன்னா. எக்ஸ்ரே ரெண்டும் வக்கீல்கிட்ட இருக்கு. இனிமே பேசுததா இருந்தா அவருகிட்ட பேசுங்க."

வக்கீலை நாளைக்குத்தான் பார்க்கப் போகிறோம். பொய்தான். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

எனக்குப் பின்னால் ஜெசிந்தா வந்து நின்றாள். கையில் மீன் வெட்டும் அரிவாள்மணை. சமையல் நடுவில் எழுந்து வந்தாளாம். அவர் அல்வா டப்பாவைக் கேட் சுவரில் வைத்துவிட்டுப் போனார். ஜெசிந்தா அதை எடுத்து, அவர் ஏறிய ஆட்டோவிலேயே திருப்பி வைத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் பவனி. ரொசாலி மாலையைப் போட்டாள். மொட்டை மரத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கி, அழகாக உட்கார்ந்தது. முறிந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்து, என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். தோணியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். முன்பக்கம் அவள் பிடித்துக்கொண்டாள். பின்பக்கத்துக்கு அவள் தம்பி வந்தபோது, "நீ இருடே" என்றாள். கூட்டத்தைப் பார்த்து, "டெல்சி, வாம்மா" என்றாள்.

டெல்சி என்னைப் பார்த்தாள். பிறகு போனாள். வலது கையை அடியில் கொடுத்து, இடது கையால் பக்கவாட்டில் பிடித்தாள். தெரு முழுக்க ஆட்கள். எப்போ வந்த, மாப்பிள்ளை வரலையா என்று கேட்கிற வாய்கள் எல்லாம் இரண்டு பக்கமும் நின்றன. அவள் தலை குனியவில்லை. நான் அழுதேன். கஸ்பார் கேட்டதற்குச் சாம்பிராணிப் புகை என்றேன்.

ஆகஸ்டு 18

கச்சான் திரும்பிவிட்டது. போகிற காலத்திலும் குறையவில்லை.

நேற்று முன்தினம் வக்கீலைப் பார்த்தோம். இன்று காலை டெல்சி நேர்காணலுக்குப் போய் வந்தாள். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு. கஷ்டமான பிள்ளைகளாம். "பரவால்ல" என்றாள்.

அவள் அறை ஜன்னல், பழைய மரத்தை உருவியதிலிருந்து மறுபடி தடதடக்கிறது. மாடியில் அந்தத் தேக்குப் பாய்மரம் அறுத்தபடி கிடந்தது. எடுத்து, ஒரு சாண் வெட்டி, ஒரு முனையைச் சீவி ஆப்பாக்கினேன். டெல்சி மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் உள்ளே போய்ச் சட்டத்தில் சொருகினேன். ஒரு தட்டு தட்ட வேண்டியிருந்தது. அவள் கண்ணைத் திறந்து, "என்ன டாடி?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. தூங்கு."

திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

முதல் பக்கத்தில் ஒரு திருத்தம். டெல்சி லீவில் வரவில்லை. ஜூன் 26ஆம் தேதி, கை முறிந்து, மூன்று பெட்டியோடு, உயிரோடு வீடு வந்து சேர்ந்தாள். மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி பாக்கி இருக்கிறது. நாளைக் காலை ஏற்ற வேண்டும்.